பெட்டி ஒன்று, பில் இரண்டு

போன வாரம் லண்டன் ஹாரோவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எழுபதைத் தாண்டிய யாழ்ப்பாணத்து அம்மா, தனியாக இருக்கிறார். சமையலறை ஜன்னல் விளிம்பில், கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில், ரீடிங்கைத் தானே கம்பெனிக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டரோடு, கரண்ட், கேஸ் செலவைக் காட்டக் கொடுத்த சின்ன டிஸ்ப்ளே பெட்டி பச்சை விளக்கோடு நின்றது. மேஜை இழுப்பறையைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டுக் கடிதங்களை என் முன் வைத்தார். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. எல்லாம் காலமாகிவிட்ட அவருடைய கணவர் பெயருக்கு வந்தவை. பிரித்துப் பார்த்தால் பதினான்கு மாத கேஸ் பில். கடைசியாக வந்தது கடன் வசூலிக்கும் நிறுவனத்தின் கடிதம்.

"தம்பி, உந்தப் பெட்டியில ரெண்டும் காட்டுதுதானே. நான் மாசாமாசம் காசு கட்டிக்கொண்டுதானே இருக்கிறன்" என்றார்.

கட்டிக்கொண்டுதான் இருந்தார். கரண்டுக்கு மட்டும்.

முன்பு கரண்டும் கேஸும் ஒரே கம்பெனியிடம் இருந்தன. பர்மிங்காமில் இருக்கும் மகன், அம்மாவுக்குச் செலவு குறையட்டும் என்று கரண்டை மட்டும் வேறு கம்பெனிக்கு மாற்றினார். எல்லாமே மாறிவிட்டது என்று நினைத்துப் மாதாமாதம் தானாகப் பணம் போகும் பழைய டைரக்ட் டெபிட்டையும் வங்கியில் நிறுத்திவிட்டார். கேஸ் பழைய கம்பெனியிலேயே இருந்தது. மீட்டர் ஓடியது, பில் வந்தது, பணம் போகவில்லை. டிஸ்ப்ளே மட்டும் தினமும் இரண்டையும் காட்டிக்கொண்டே இருந்தது.

வீட்டு கரண்ட், கேஸ் பில் சிக்கல்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. அதற்கு முன்னால் சில வருடம் மீட்டர் பொருத்தவும் போயிருக்கிறேன். இந்த வருடம் இதே கதையில் இது எனக்கு ஆறாவது வீடு. பிள்ளைகள் நல்லெண்ணத்தோடு செய்கிறார்கள், பெற்றோர் நம்பிக்கையோடு இருக்கிறார்கள், நடுவில் ஆயிரம் பவுண்டுக்கு மேல் கடன் ஏறிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் ஆணி அடித்த மாதிரி பதிய வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிஸ்ப்ளே பெட்டி பில் அல்ல. அது எந்தக் கம்பெனியின் கணக்கையும் காட்டவில்லை. உங்கள் வீட்டு மீட்டர்கள் அளந்ததை எடுத்து, மீட்டரில் பதிந்திருக்கும் விலையால் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். நீங்கள் போன மாதம் பணம் கட்டினீர்களா, யாருக்குக் கட்டினீர்கள், பாக்கி எவ்வளவு, எதுவும் அதற்குத் தெரியாது (முன்கூட்டியே பணம் போட்டுப் பயன்படுத்தும் ப்ரீபேமென்ட் வீடுகளின் கதை வேறு, பின்னால் சொல்கிறேன்). இரண்டையும் ஒரே திரையில் காட்டுவதால் கம்பெனி ஒன்று என்று ஆகாது. வாசல் கதவில் தபால் போடும் துளை ஒன்றுதான் இருக்கிறது; அதன் வழியே விழும் கடிதங்களை எல்லாம் ஒரே ஆளா எழுதினார்?

இன்னும் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்களும் இங்கேதான் இடறுகிறார்கள். பிரிட்டனின் வீடுகளில் கரண்ட் மீட்டருக்கு மேல் ஹப் என்ற ஒரு சின்ன பெட்டி உட்கார்ந்திருக்கும். கேஸ் மீட்டர் பேட்டரியில் ஓடுவது. பேட்டரி பல வருடம் தாங்க வேண்டும் என்பதால் பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டே இருக்கும். அரை மணிக்கு ஒரு முறை விழித்து, தன் எண்ணை அந்த ஹப்பிடம் சொல்லிவிட்டு மறுபடி தூங்கும். டிஸ்ப்ளேயும் ஹப்பிடமிருந்துதான் கேட்டு வாங்குகிறது. கம்பெனிகளுக்கும் அங்கிருந்துதான் போகிறது, டிசிசி என்ற பொதுவான நாடளாவிய வலையமைப்பு வழியாக. உங்கள் வீட்டு வைஃபைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கரண்ட் கம்பெனி கரண்ட் ரீடிங்கை எடுத்துக்கொள்ளும், கேஸ் கம்பெனி கேஸ் ரீடிங்கை எடுத்துக்கொள்ளும். ஒரே கிணறு, இரண்டு வாளி. ஆகவே இரண்டு கம்பெனி வைத்துக்கொள்வதில் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. தாராளமாக வைத்துக்கொள்ளலாம். கார் சார்ஜ் போடுகிறவர்களுக்கு இரவு விலை குறைந்த கரண்ட் திட்டம் ஒரு இடத்தில் கிடைக்கும், கேஸ் இன்னொரு இடத்தில் மலிவாக இருக்கும். நியாயமான காரணம்தான். ஆனால் ஒப்பந்தம் இரண்டு, கணக்கு எண் இரண்டு, டைரக்ட் டெபிட் இரண்டு, நிலைக் கட்டணம் (பயன்படுத்தாவிட்டாலும் தினமும் ஏறும் கட்டணம்) இரண்டு. இதில் ஒன்றுகூட டிஸ்ப்ளேக்குள் ஒன்றாகிவிடாது.

விலையிலும் இதே சங்கதிதான். கரண்ட் விலையை மீட்டருக்கு அனுப்ப வேண்டியது கரண்ட் கம்பெனி. கேஸ் விலையை அனுப்ப வேண்டியது கேஸ் கம்பெனி. நீங்கள் ஒன்றை மட்டும் மாற்றினால், புதிய கம்பெனி தன் விலையை அனுப்பும்வரை பழைய விலையே திரையில் ஓடும். சில வீடுகளில் மாதக்கணக்கில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் திரையில் இருக்கும் பவுண்ட் கணக்கை நம்பாதீர்கள், யூனிட் கணக்கைப் பாருங்கள். விலைக்கு பில்லைப் பாருங்கள்.

அப்புறம், காலையில் எழுந்து பார்த்ததும் "நாங்கள் தூங்கிக்கொண்டுதானே இருந்தோம், யார் இவ்வளவு செலவழித்தது?" என்று போன் செய்கிறவர்களுக்கு: நள்ளிரவில் அன்றைய நாளின் நிலைக் கட்டணம் இரண்டும் திரையில் ஏறிவிடும். 2025இல் கரண்டுக்கு அரை பவுண்டைத் தாண்டியும், கேஸுக்கு முப்பது பென்ஸை ஒட்டியும் இருந்தது. ஸ்விட்ச் எதையும் தொடாவிட்டாலும் அது உண்டு. பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு கரண்டுக்கு மட்டும்தான். கேஸ் ஹீட்டிங் நாள் முழுக்க எரிந்தாலும் விளக்கு பச்சையாகவே நிற்கும். அந்த அம்மா வீட்டில் அது பச்சையாகவே நின்றது.

இன்னொரு வீடு. ரெடிங்கில் இருக்கும் கோயம்புத்தூர் தம்பதி, இருவரும் ஐடி வேலை. கரண்ட் கம்பெனி வந்து பழுதான ஹப்பை மாற்றிவிட்டுப் போனது. ஹப் மாறினால் கேஸ் மீட்டரைப் புது ஹப்போடு மறுபடி இணைக்க வேண்டும், அதில் கேஸ் கம்பெனியின் பங்கும் உண்டு. இங்கே கேஸ் வேறு கம்பெனி. அவர்களுக்கு ஹப் மாறியதே தெரியாது. கேஸ் ரீடிங் நின்றது, பில் 'எஸ்டிமேட்டட்' என்று, அதாவது ஊகக் கணக்கில், வர ஆரம்பித்தது, கடைசியில் நீங்களே ரீடிங் அனுப்புங்கள் என்று மின்னஞ்சல். கணவர் வெளியே போய் மீட்டரைப் பார்க்கவில்லை. டிஸ்ப்ளேயில் இணைப்பு அறுவதற்கு முன் பதிவாகியிருந்த வருடாந்திர கேஸ் கணக்கு 8412 என்று இருந்தது, அதை அனுப்பிவிட்டார்.

டிஸ்ப்ளேயில் இருந்தது கிலோவாட் அவர், அதாவது ஆற்றலின் அளவு. மீட்டர் காட்டுவது கன மீட்டர், அதாவது கேஸின் கன அளவு. அந்த வீட்டு மீட்டரில் அப்போது 2140 சொச்சம். ஒரு கன மீட்டர் கேஸ் என்பது ஏறக்குறைய பதினோரு கிலோவாட் அவர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆறாயிரத்துச் சொச்சம் கன மீட்டர் எரித்ததாக ஆகி, நாலாயிரம் பவுண்டைத் தாண்டி பில் வந்தது. இரண்டு பேரும் அந்த வார இறுதியில் தூங்கவில்லை. மீட்டரைத் தேதியோடு போட்டோ எடுத்து அனுப்ப வைத்துச் சரி செய்தோம். தயவுசெய்து, கை வலித்தாலும் மழை பெய்தாலும் வெளியே போய் மீட்டரையே பாருங்கள். கேஸ் மீட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் திரை விழிக்கும். தசமப் புள்ளிக்கு முன்னால் இருக்கும் எண்களை மட்டும் கொடுங்கள்.

இப்படி ரீடிங் நின்றால் கரண்ட் கம்பெனி கேஸ் கம்பெனியைக் கேளுங்கள் என்பார்கள், கேஸ் கம்பெனி ஹப் எங்களுடையது இல்லை என்பார்கள். இந்தப் பந்து விளையாட்டுக்கு நடுவில் நிற்காதீர்கள். டிஸ்ப்ளே எதுவுமே காட்டவில்லை, கரண்ட் ரீடிங்கும் போகவில்லை என்றால் முதலில் கரண்ட் கம்பெனி. ஹப் பொதுவாக அவர்கள் பொறுப்பு. கரண்ட் சரியாக இருந்து கேஸ் மட்டும் போகவில்லை என்றால் கேஸ் கம்பெனி. போனில் பேசியதோடு விடாமல் எழுத்தில் புகார் கொடுத்து, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் கம்பெனிகள் மீதான புகாரை விசாரிக்கும் எனர்ஜி ஆம்புட்ஸ்மேனிடம் இலவசமாகப் போகலாம். கம்பெனி தன் தவறால் பில் போடாமல் விட்டிருந்தால், பன்னிரண்டு மாதத்துக்கு முன்னால் எரித்ததற்கு இப்போது பணம் கேட்க முடியாது என்பது கரண்ட், கேஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆஃப்ஜெம் அமைப்பின் விதி. ஆனால் ஒன்று: பில் ஒழுங்காக வந்து, நாம் பிரிக்காமல் வைத்திருந்தால் அந்த விதி காப்பாற்றாது. ஹாரோ அம்மாவுக்கு அதை விளக்கும்போது எனக்கு மனசு கனத்தது.

ப்ரீபேமென்ட் முறையில் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் சீக்கிரம் வரும். கரண்டுக்கு டாப்அப் செய்த பணம் கேஸுக்குப் போகாது. ஒரே கம்பெனியாக இருந்தாலும் போகாது, இரண்டு கம்பெனி என்றால் போனில் வைத்துக்கொள்ளும் செயலியும் (ஆப்) இரண்டு. இங்கே டிஸ்ப்ளே மிச்சத் தொகையைக் காட்டும், ஆனால் கரண்டுக்குத் தனி, கேஸுக்குத் தனி. கேஸ் பணம் தீர்ந்தால் மீட்டருக்குள் வால்வு மூடிக்கொள்ளும். பணம் போட்ட பிறகும், அடுப்பு எல்லாம் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, மீட்டரிலோ டிஸ்ப்ளேயிலோ பொத்தானை அழுத்தினால்தான் திறக்கும். கைக்குழந்தை வீட்டில் இருந்தால் தயவுசெய்து இரண்டு மிச்சத் தொகையையும் இரவு படுக்கும் முன் பாருங்கள்.

புது வாடகை வீட்டுக்குப் போகிறவர்களே, சாவி வாங்கிய அன்றே இரண்டு மீட்டரையும் போட்டோ எடுங்கள். முந்தைய குடித்தனக்காரர் எந்தக் கம்பெனி வைத்திருந்தார் என்று ஊகிக்காதீர்கள். கேஸ் யார் என்பதை ஃபைண்ட் மை சப்ளையர் தளத்தில் முகவரி போட்டுப் பார்க்கலாம். கரண்டுக்கு அந்தப் பகுதியின் நெட்வொர்க் நிறுவனத்தைக் கேட்க வேண்டும், லண்டனின் பெரும்பகுதிக்கு அது யூகே பவர் நெட்வொர்க்ஸ். கேஸ் நாற்றம் அடித்தால் எந்தக் கம்பெனியையும் தேடாதீர்கள், ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 0800 111 999. கரண்ட் போனால் 105.

இரண்டு கம்பெனி வைத்தால் எல்லாவற்றையும் இரண்டு முறை செய்ய வேண்டும் என்பதுதான் பலருக்கு மறந்துபோகிறது. வயதானவர்கள், உடல்நலம் குன்றியவர்களுக்கான முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் இரண்டு கம்பெனியிடமும் தனித்தனியாகப் பெயர் கொடுக்க வேண்டும். குளிர்காலத்தில் தகுதியுள்ளவர்களுக்குக் கிடைக்கும் 150 பவுண்ட் வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் கரண்ட் கம்பெனி வழியாக வருகிறது; கேஸ் வேறு கம்பெனி என்றால் அதை கேஸ் பில்லுக்கு மாற்றிக் கேட்க வழியில்லை. ஹாரோ அம்மா அந்த 150 வரவைப் பார்த்து, கேஸுக்கும் சேர்த்துக் கழித்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்.

ஊரைவிட்டு ஊர் இருக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். அம்மா அப்பாவின் கரண்டை மாற்றுங்கள், நல்லதுதான். மாற்றிய மறுநாள் போன் செய்து, "கேஸ் யார்கிட்ட இருக்கு, எந்தக் கணக்கிலிருந்து போகுது?" என்று கேளுங்கள். வங்கியில் டைரக்ட் டெபிட்டை நிறுத்துவதற்கு முன் அந்தக் கம்பெனிக்கு ஒரு போன் போடுங்கள். வீட்டில் யாராவது தவறிவிட்டால், துக்கம் ஆறிய பிறகாவது, இரண்டு கணக்கிலும் பெயரை மாற்றுங்கள். இறந்தவர் பெயருக்கு வரும் கடிதத்தைப் பிரிக்க மனைவிக்குக் கை வராது. அதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

அன்று அந்த மேஜையிலிருந்தே கேஸ் கம்பெனியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, ஒன்றரை மணி நேரம் பேசினோம். கணக்கு அம்மா பெயருக்கு மாறியது. வசூல் நிறுவனத்தை நிறுத்தி வைத்தார்கள். அவருடைய வருமானத்தைப் பார்த்து, கட்டக்கூடிய மாதத் தவணைக்கு ஒத்துக்கொண்டார்கள். பேசி முடித்ததும் அவர் உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் செல்லோடேப்பும் கொண்டுவந்தார். கரண்ட் என்று எழுதி ஒரு கம்பெனி பெயர், போன் நம்பர். கீழே கேஸ் என்று எழுதி இன்னொன்று. எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லி என்னை எழுதவைத்து, டிஸ்ப்ளே பெட்டிக்கு மேலேயே ஒட்டினார்.