இன்செல்பெர்க் – தனிக்குன்று: சொல் விளக்கம்

மட்டக்களப்பில், செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மேற்கே போனால், கரடியனாற்றுப் பக்கத்திலேயே வயலுக்கும் காட்டுக்கும் நடுவில் கருங்கல் மலைகள் ஒவ்வொன்றாக எழும்பி நிற்பது தெரியும். மலைநாட்டில் இருப்பதுபோல நிலம் மெல்ல மெல்ல உயர்ந்து மலையாவதில்லை. தட்டையான தரை, அதற்கு மேல் நேராக ஒரு பாறை. குசலான்மலை, தாந்தாமலை, குடும்பிமலை, தெற்கே அம்பாறைக் கரையோரத்தில் சங்கமன்கண்டி, உகந்தமலை எல்லாம் இந்தச் சாதிதான். புவியியலில் இவ்வகைக் குன்றின் பெயர் இன்செல்பெர்க்.

ஜேர்மன் சொல் அது. 'இன்செல்' என்றால் தீவு, 'பெர்க்' என்றால் மலை. ஜேர்மன் புவிச்சரிதவியலாளர் வில்ஹெல்ம் பொர்ன்ஹார்ட், அன்று ஜேர்மனியின் ஆட்சியில் இருந்த கிழக்கு ஆபிரிக்காவில் (இன்றைய தன்சானியாப் பெருநிலம்) சமவெளிமீது தனித்து நின்ற பாறைக் குன்றுகளைப் பற்றி 1900 இல் எழுதியபோது இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கடல்போலப் பரந்த வெளியில் தீவுபோல நிற்கும் மலை என்பது அவர் கண்ட உருவகம். பின்னாளில், மொட்டையாகக் கவிகைபோல் இருக்கும் இன்செல்பெர்க்குக்கு அவர் பெயரையே வைத்து 'பொர்ன்ஹார்ட்' என்றார்கள். உருண்டைக் கற்கள் குவிந்தாற்போல் நிற்பதை ஆபிரிக்காவில் 'கொப்பி' என்பார்கள். அது டச்சு மொழியில் 'சிறு தலை'. எங்கள் ஆட்கள் குடும்பிமலை என்றார்கள். சிங்களத்தில் அதே மலை தொப்பிகல. ஆங்கிலேயர் தங்கள் நிலப்படத்தில் 'பாரன்ஸ் கேப்' என்று தொப்பியே போட்டார்கள். எங்கே இருந்து பார்த்தாலும் மனிதன் இந்தப் பாறையில் ஒரு தலையைத்தான் கண்டிருக்கிறான். 'மொனாட்நொக்' என்பதும் இதற்கு அருகில் வரும் சொல்தான். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஒரு மலையின் பெயர் அது. அரிப்புக்குத் தப்பி எஞ்சிய எந்த மலையையும் குறிக்கும். பாறை வெறுமையாக இருக்கவேண்டும், சரிவு செங்குத்தாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

தமிழில் படிக்கும் பிள்ளைகள் இச்சொல்லைப் பெரும்பாலும் பாலைவனப் பாடத்தில்தான் முதலில் சந்திக்கிறார்கள். காற்று மணலை அடித்து மென்பாறையைத் தேய்த்துவிட, வன்பாறை மட்டும் எஞ்சுவது இன்செல்பெர்க் என்று மனப்பாடம் செய்வார்கள். அந்த விளக்கத்தோடு குடும்பிமலையைப் பார்த்தால் ஒன்றும் பொருந்தாது. இது வருடத்துக்கு 1,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் ஊர். ஐப்பசி தொடங்கி மாசி வரை வாடைமழை கொட்டும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று நிலத்தை வறட்டும். கச்சான் கடுமையான காற்றுத்தான், ஆனால் அது இந்த மலைகளைச் செதுக்கவில்லை.

செதுக்கியது தண்ணீர், அதுவும் நிலத்துக்கு அடியில். கிழக்கு இலங்கையின் அடித்தளம், 'விஜயன் தொகுதி' எனப்படும் மிகப் பழைய நைஸ் வகைக் கருங்கல். அந்தக் கல்லில் வெடிப்புகள் உண்டு. புவிச்சரிதவியலில் மூட்டு என்பார்கள். மூட்டு நெருக்கமாக உள்ள இடத்தில் மழைநீர் இறங்கி, கல்லிலுள்ள பெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைக் களியாக மாற்றும். மூட்டு அரிதாக உள்ள இடத்தில் நீர் நுழைய வழியில்லை. கல் கட்டியாகவே இருக்கும். இதைக் கிணறு வெட்டுகிறவர்கள் நன்றாக அறிவார்கள். மேல்மண்ணைத் தாண்டினால் வருவது உக்கிய கல். பார்வைக்குப் பாறையின் வரிகள் அப்படியே இருக்கும், கையில் எடுத்து நெரித்தால் உதிரும். பத்தடி தள்ளி வெட்டினால் அலவாங்கு தெறிக்கும் வயிரக்கல். ஒரே பாறை, ஒரே மழை. வேறுபட்டது வெடிப்பின் நெருக்கம்.

இப்படி நிலத்தடியில் நெடுங்காலம் உக்கியதை, ஆறுகளும் மழையும் பிறகு கழுவிக்கொண்டு போயின. உக்காத கட்டி மட்டும் வெளியே நின்றது. ஆகவே குன்று மேலே எழும்பவில்லை. சுற்றிலும் உள்ள நிலம் கீழே இறங்கியிருக்கிறது. மேலிருந்த சுமை நீங்கியதும் கல் விரிந்து, மேற்பரப்புக்கு இணையாக ஏடு ஏடாகப் பிளக்கும். மொட்டை மலைகளின் உருண்ட வடிவம் வந்தது இதனால்தான். பாறைமேல் நடக்கும்போது சில இடத்தில் விரல் மொட்டியால் தட்டிப் பாருங்கள், 'டொக்' என்று பொள்ளலான சத்தம் கேட்கும். அந்த ஏடு கீழ்ப்பாறையிலிருந்து விட்டுவிட்டது என்று பொருள். அதன்மேல் பாரம் ஏற்றக்கூடாது, அதன் ஓரத்தில் கூட்டமாக நிற்கவும் கூடாது.

இனித் தமிழ்ச்சொல். புழக்கத்தில் முன்வைக்கப்படுபவை மூன்று.

'எஞ்சிய குன்று', 'எச்சக்குன்று' என்பவை பொருளில் பிழையில்லை, ஆனால் மொனாட்நொக்குக்கும் இதுவே பொருந்துவதால் தனிச்சொல்லாக நிற்காது. 'தீவுமலை' நேர் மொழிபெயர்ப்பு. வேறு எந்த ஊரிலும் இது ஓடலாம். எங்கள் பகுதியில் ஓடாது. மட்டக்களப்பில் தீவு என்றால் வாவிக்கு நடுவில் மனிதர் குடியிருக்கும் நிலம், புளியந்தீவு போல. அம்பாறையில் சிக்கல் இன்னும் கூடும். பட்டிப்பளை ஆற்றை (கல் ஓயாவை) இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரத்தைக் கட்டியபோது, பள்ளத்தாக்கில் இருந்த குன்றுகள் நீரில் அமிழ்ந்து, உச்சிகள் உண்மையான தீவுகளாகிவிட்டன. யானைகள் நீந்திக்கடந்து மேயப்போவது அந்தத் தீவுகளுக்குத்தான். அங்கே 'தீவுமலை' என்று எழுதினால், படிப்பவர் தண்ணீருக்கு நடுவில் உள்ளதைத்தான் நினைப்பார். உருவகமும் உண்மையும் ஒரே இடத்தில் மோதும்போது கலைச்சொல் பயன்படாது.

மூன்றாவது 'பொத்தை'. திருநெல்வேலிச் சீமையில், வள்ளியூர்ப் பக்கம், சமவெளியில் தனித்து நிற்கும் பாறைக் குன்றை இன்றும் மக்கள் பொத்தை என்கிறார்கள். பழைய வடிவம் பொற்றை. உயிருள்ள சொல், பொருளும் கச்சிதம். ஆனால் கிழக்கில் இதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. இதோடு இன்னொரு பழஞ்சொல்லும் நினைவுக்கு வரவேண்டும்: பொறை. முல்லைத் திணைத் தலைவனுக்கு இலக்கண நூல்கள் கொடுத்த பெயர்களில் ஒன்று குறும்பொறைநாடன், அதாவது சிறு பாறைக் குன்றுகள் உள்ள நாட்டுக்காரன். காடு, மேய்ச்சல் மாடு, நடுவே சிறு குன்றுகள்: மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இன்று பொறை என்றால் பொறுமையும் சுமையும்தான் நினைவில் வரும், அதனால் கலைச்சொல்லாக மீட்க முடியவில்லை என்பது எமக்கு வருத்தமே. 'துறுகல்' என்பதையும் சிலர் சொல்வார்கள். அது சங்கப் பாட்டில் உருண்டைப் பெருங்கல்லைக் குறிப்பது; புலிக்குட்டிபோல் தோன்றும் துறுகல் குறுந்தொகையில் (47) வருகிறது. குன்று அளவுக்கு அது வராது. ஆனால் கொப்பி வகைக் குவியலிலுள்ள ஒவ்வொரு கல்லுக்கும் துறுகல் மிகப் பொருத்தம். உகந்தைக் கடற்கரையில் அலையடிக்கும் உருண்டைக் கற்கள் துறுகற்களே.

எமது தெரிவு 'தனிக்குன்று'. குன்று என்ற சொல்லிலேயே சமவெளியைப் பார்க்கும் உயரம் இருக்கிறது. யானைப்போரைக் குன்றேறிக் காண்பதாகக் குறள் (758) சொல்வது அந்தக் குன்றைத்தான். 'தனி' என்பது இச்சொல்லுக்குத் தேவையான மற்றப் பாதியைக் கொடுக்கிறது. தொடராக நிற்பதல்ல, ஒற்றையாக நிற்பது என்பது முதற்பொருள். உயிரினங்களுக்கு அது தனித்த வீடு என்பது அடுத்த பொருள்.

அந்த இரண்டாம் பொருளில்தான் பொர்ன்ஹார்ட்டின் தீவு உண்மையாகிறது. வெறும்பாறையில் வாழக்கூடிய உயிர் அடுத்த குன்றுக்குப் போகக் காட்டையோ வயலையோ கடக்கவேண்டும், பெரும்பாலும் கடக்காது. தென்கிழக்கு இலங்கையின் குகைகளில் வாழும் ஒரு பாறைப் பல்லி (கலோடக்டிலோடெஸ் இல்லிங்வர்தோரம்) இதற்கு நல்ல உதாரணம். அதன் பேரினத்தில் மொத்தம் இரண்டே இனங்கள். மற்றது இந்தியாவில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் இருக்கிறது. முட்டைகளைப் பல பெண்பல்லிகள் சேர்ந்து குகைச் சுவரில் ஒட்டிவைக்கும். குஞ்சு பொரித்த பின்னும் ஓட்டின் வெள்ளை வட்டங்கள் சுவரில் நெடுங்காலம் இருக்கும். அவற்றைச் சுண்ணாம்புக் கறை என்று நினைத்துச் சுரண்டக்கூடாது. பாறை வெடிப்பில் மயிற்சிகை என்ற சிறு பன்னம் கோடையில் சுருண்டு காய்ந்த குப்பைபோல் கிடக்கும், முதல் மழைக்கு விரிந்து பச்சையாகும். சதுரக்கள்ளி, மருள், பிரண்டை, கிளுவை இவை விளிம்புகளில் நிற்கும். அடிவாரத்தில் மட்டும் பாலையும் வீரையும் முதிரையும் சற்று உயரமாக வளர்ந்திருக்கும்.

அடிவாரக் காடு ஏன் உயரம்? கணக்கு எளிது. ஒரு ஹெக்டேயர் வெறும்பாறைமேல் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 100,000 லீற்றர் தண்ணீர் விழுகிறது. மண் இல்லாததால் பெரும்பகுதி அப்படியே வழிந்து அடிவாரத்துக்கு வரும். பழைய குளங்கள் பல பாறைகளை அண்டி இருப்பதும் இதே காரணத்தால்தான். கொஞ்சம் நீர் உச்சியிலேயே தங்கும், அதுதான் சுனை. உகந்தையில் வள்ளியம்மன் மலைச் சுனைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாறையில் இயல்பாக இருந்த சிறு குழியில் நீர் தேங்கி, கல்லை உக்கவைத்து, துகளை அடுத்த மழை வழித்துக்கொண்டு போக, குழி ஆழமாகும். ஆழமில்லாத சுனை தை, மாசியோடு வற்றிவிடும். சின்னஞ்சிறு இறால்வகை உயிர்கள் அதற்குள் பிறந்து முட்டையிட்டு முடித்துவிடும். அந்த முட்டைகள் அடுத்த வாடை வரைக்கும் காய்ந்த சேற்றில் உயிரோடு கிடக்கும். ஆழமான சுனை கச்சான் காலத்திலும் நீர் வைத்திருக்கும். கரடி, மரை, மான் எல்லாம் குடிக்க ஏறிவருவது அதற்கே.

ஆகவே சுனையில் நடக்கும் பிழை தனிக்குன்றுக்குப் பெரிய கேடு. வற்றிய சுனையின் அடிச்சேற்றைக் 'குப்பை' என்று வாரிக் கொட்டினால், அடுத்த ஆண்டின் முட்டையும் விதையும் அதோடு போகும். நீர் கூடத் தங்கட்டும் என்று விளிம்பில் சீமெந்துக் கட்டு வைத்தால், துகளை மழை வழித்துச் செல்லும் வழி அடைபட்டுச் சுனை சில வருடங்களில் தூர்ந்துவிடும். சவர்க்காரம், சம்பூ போட்டுக் குளித்தால் அந்த நீரை மாற்ற ஆறும் இல்லை, ஊற்றும் இல்லை. அடுத்த மழை வரை அதே நீர். பராமரிக்க விரும்புவோர் செய்யவேண்டியது குறைவு: பிளாஸ்டிக்கையும் போத்தலையும் மட்டும் பொறுக்குங்கள், சேற்றைத் தொடாதீர்கள், நீளம் அகலம் ஆழத்தைத் தடியால் அளந்து திகதியோடு எழுதிவையுங்கள், வற்றிய மாதத்தைக் குறியுங்கள். ஐந்து வருடக் குறிப்பு இருந்தால் அந்தச் சுனையை யார் கேட்டாலும் வாதாடிக் காக்கலாம்.

தீ அடுத்தது. மாட்டுக்குப் புதுப்புல் வரட்டும் என்று கோடையில் வைக்கும் நெருப்பு பாறைவரை ஏறும். பாறைக் குழிகளில் நாலு விரற்கடை தடிப்பில் சேர்ந்திருக்கும் மண்மெத்தையின் வேர்கள் எரிந்துவிட்டால், ஐப்பசி மழையின் முதல் நாளிலேயே அந்த மண் முழுவதும் வழிந்துவிடும். காடு திரும்ப முளைக்கலாம், அந்த மண் நம் காலத்தில் திரும்பாது. கல்லுடைப்பு எல்லாவற்றுக்கும் மேல். வெடிவைத்தால் அதிர்வு, மேலே சொன்ன ஏடுகள் வழியாகப் பரவி, உடைக்காத பக்கத்திலும் பாறையை விடுவிக்கும். புதையல் தோண்டுகிறவர்கள் குகைத் தரையைக் கிளறுவதும், பெயரெழுதுகிறவர்கள் பாசியும் கற்பாசியும் படர்ந்த முகத்தில் மைபூசுவதும் அதே கேட்டின் சிறிய வடிவங்கள். பெருந்தேனீ அடை தொங்கும் பாறைக்குக் கீழே கற்பூரம் கொளுத்தக்கூடாது என்பதையும் யாத்திரைக்காரருக்குச் சொல்லிவையுங்கள். புகை ஏறினால் அவை கூட்டமாக இறங்கும்.

எழுதும்போது: 'இன்சல்பர்க்' என்பதைவிட 'இன்செல்பெர்க்' ஜேர்மன் ஒலிப்புக்கு நெருக்கம். தமிழில் தனிக்குன்று, பன்மை தனிக்குன்றுகள். மொட்டைக் கவிகை வடிவத்தை 'மொட்டைத் தனிக்குன்று' என்றும், கற்குவியல் வடிவத்தைத் 'துறுகற்குன்று' என்றும் பிரித்து எழுதலாம். மணல்மேட்டுக்கு இச்சொல் ஆகாது. பாணமைக் கரையில் உள்ள மணல்மேடுகள் காற்று குவித்தவை. ஊர்ப்பெயரையும் இதனால் மாற்றவேண்டியதில்லை. 'குடும்பிமலை, சுமார் 530 மீற்றர் உயரமான தனிக்குன்று' என்று எழுதினால் போதும்.