பேட்டன்ட் மருந்து: காப்புரிமை இல்லாததற்கு ஏன் இந்தப் பெயர்?

‘பேட்டன்ட் மெடிசின்’ என்பதைக் ‘காப்புரிமை மருந்து’ என்று பெயர்த்தால் பொருள் பிழைபடும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இப்பெயரோடு விற்ற குப்பிகளில் பெரும்பாலானவை காப்புரிமை பெறாதவை. காப்புரிமை கேட்டால் உள்ளே என்னென்ன சரக்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விற்றவர்கள் மறைக்க நினைத்ததே அதைத்தான். அதனால் மருந்தின் பெயரை வணிகக்குறியாகப் பதிந்துகொண்டு, கலவையைக் கமுக்கமாக வைத்துக்கொண்டார்கள்.

லத்தீனில் ‘பாட்டேரே’ என்றால் திறந்திருத்தல். இங்கிலாந்து மன்னர் எவருக்காவது தனிச்சலுகை தரும்போது, எவரும் படிக்கும்படி மூடி முத்திரையிடாமல் விடும் ஆணை ‘லெட்டர்ஸ் பேட்டன்ட்’, அதாவது திறந்த மடல். 1712இல் ஸ்டௌட்டன் என்பவரின் எலிக்சர் என்ற குடிமருந்துக்கு அப்படி ஓர் ஆணை கிடைத்தது. பிற்காலத்தில் எந்த ஆணையும் இல்லாத மருந்துகளும் அந்தப் பெயரிலேயே உலவின.

சித்த மருத்துவத்தில் மருந்து செய்யும் முறைக்குச் ‘செய்பாகம்’ என்று பெயர். அதைத் தழுவி ‘மறைபாக மருந்து’ எனலாம் என்பது என் பரிந்துரை.

மறைத்ததன் விலையைக் கொடுத்தவர்கள் குழந்தைகள். பல் முளைக்கும் பிள்ளை அழாமல் தூங்க என்று விற்ற வின்ஸ்லோ அம்மையார் சிரப்பில் அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின் இருந்தது. ஊட்டிய தாய்க்கு அது தெரிய வழியே இல்லை. அமெரிக்காவில் 1906இல் வந்த தூய உணவு, மருந்துச் சட்டம் மார்ஃபின், அபின், கோக்கெயின், மது முதலியவை இருந்தால் குப்பியில் ஒட்டும் சீட்டில் எழுதச் சொன்னது. சட்டத்தின் முதன்மைச் சொல் ‘மிஸ்பிராண்டிங்’: சீட்டில் பொய் சொல்வது. தமிழில் ‘பொய்க்குறியிடல்’ பொருந்தும். இதைப் போலி மருந்தோடும் கலப்பட மருந்தோடும் குழப்பக் கூடாது. இந்தியாவின் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டமும் இம்மூன்றையும் தனித்தனிப் பிரிவுகளில் வரையறுக்கிறது.

பொய் என்றால் எந்தப் பொய்? புற்றுநோய் தீரும் என்று சீட்டு ஒட்டிய ஜான்சன் என்பவர் மீதான வழக்கில், 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டத்தைக் குறுக்கிவிட்டது. சரக்கு இன்னது என்பதில் பொய் சொன்னால்தான் குற்றம், நோய் தீரும் என்ற பொய் இதில் அடங்காது என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். சாகக் கிடப்பவரிடம் காசு பிடுங்கும் பொய்யை விட்டுவிட்டுச் சரக்கின் பெயரை மட்டும் காத்த இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. நோய் தீரும் என்ற பொய்யையும் சட்டத்துக்குள் கொண்டுவர 1912இல் ஷெர்லி திருத்தம் வந்தும் ஓட்டை முழுதாக அடைபடவில்லை. ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று அரசே மெய்ப்பிக்க வேண்டியிருந்ததால், ‘நம்பித்தான் விற்றேன்’ என்றவர் தப்பினார்.

1937இல் ‘எலிக்சர் சல்ஃபானிலமைட்’ குடித்து 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதில் கரைப்பானாக இருந்தது டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு. நஞ்சு விற்றதற்காக அதைப் பறிமுதல் செய்ய அன்றைய சட்டத்தில் இடமில்லை. எலிக்சர் என்றால் மதுவில் கரைத்த மருந்து. இதில் மது இல்லை. ஆகவே பெயர் பொய் என்ற பொய்க்குறிக் குற்றத்தின் பேரில்தான் அதிகாரிகள் ஊர் ஊராகக் குப்பிகளைத் தேடிப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு வந்த புதிய சட்டம், புது மருந்தின் பாதுகாப்பை விற்பனைக்கு முன்பே காட்டச் சொன்னது. நோக்கத்தை மெய்ப்பிக்கும் சுமையையும் அரசின் தோளிலிருந்து இறக்கியது.