ஃபார்மட் அடிக்கும் முன் ஒரு பென்டிரைவ்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பல வீடுகள் வருடத்தில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வந்து வீட்டைத் திறப்பவர்கள், கணக்கு மேசையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரையும் ஒரு தடவை ஆன் செய்து பார்ப்பார்கள். நீலத் திரை வரும், அல்லது விண்டோஸ் சின்னம் தோன்றித் தோன்றி மறையும். கடைக்குத் தூக்கிப் போனால் "ஓஎஸ் போயிடுச்சு, ஃபார்மட் பண்ணணும்" என்பார்கள். அதற்கு உடனே தலையாட்டிவிடாதீர்கள். அந்த ஹார்டு டிஸ்கில் கோயில் கணக்கு இருக்கலாம், ஊர்ப் புள்ளிப் பட்டியல் (குடும்பங்களின் பட்டியல்) இருக்கலாம், வேறெங்கும் பிரதி இல்லாத கல்யாணப் படங்களும் பாகப் பத்திர ஸ்கேன்களும் இருக்கலாம்.

விண்டோஸ் கெடுவது வேறு, டிஸ்கில் உள்ள கோப்புகள் கெடுவது வேறு. இரண்டில் எது நடந்திருக்கிறது என்று டிஸ்கைத் தொடாமலே பார்த்துவிட வழி உண்டு. விண்டோஸைப் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸின் லேசான வடிவம் ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பினால் (பூட் செய்தால்) போதும். இப்படி நிறுவாமலே ஓடும் லைவ் முறையில் வரும் லினக்ஸ் பென்டிரைவிலும் ராமிலும் மட்டுமே இயங்கும். நீங்களாகச் சொல்லாதவரை ஹார்டு டிஸ்கில் ஒரு எழுத்தும் எழுதாது.

பூட்டிக் கிடந்த வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒரு கோளாறை முதலில் சொல்லிவிடுகிறேன். மதர்போர்டில் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி இருக்கும். வருடக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது தீர்ந்துபோகும். தீர்ந்ததும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும், கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும் மதர்போர்டு நிரலான பயாஸின் அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். அந்த அமைப்புகளில் ஒன்று, ஹார்டு டிஸ்கோடு பேசும் விதத்தைத் தீர்மானிக்கும் சாட்டா முறை. விண்டோஸ் நிறுவும்போது ஏஹெச்சிஐ என்று இருந்தது இப்போது ஐடிஇ என்றோ ரெய்டு என்றோ மாறியிருக்கும். விண்டோஸ் தன் டிஸ்கையே கண்டுபிடிக்க முடியாமல் நீலத் திரையில் நிற்கும். பழைய விண்டோஸில் பிழை எண் 7பி என்று முடியும், புதியதில் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று வரும். டிஸ்கில் ஒரு குறையும் இருக்காது. லினக்ஸின் மையமான கர்னலில் பெரும்பாலும் இந்த எல்லா முறைக்கும் டிரைவர் இருப்பதால் பென்டிரைவில் பூட் செய்தால் எல்லாக் கோப்பும் அப்படியே தெரியும். பேட்டரியை மாற்றி, சாட்டா முறையைப் பழையபடி வைத்தால் விண்டோஸும் எழுந்துவிடும். சில பத்து ரூபாயில் தீர வேண்டிய இந்த விஷயம் ஃபார்மட்டில் முடிவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

எந்த லினக்ஸ்?

ராமையும் புராசஸரையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 4 ஜிபியும் அதற்கு மேலும் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு அல்லது லுபுண்டு வசதியாக ஓடும். அரசு 2011 முதல் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜிபி ராம்தான். அவற்றுக்கு ஆண்டிஎக்ஸ் அல்லது பப்பி பொருந்தும். ஆண்டிஎக்ஸ் 512 எம்பி ராமிலும் எழும். பப்பி தன்னை முழுவதுமாக ராமில் ஏற்றிக்கொள்ளும், அதனால் மெதுவான பென்டிரைவிலும் வேகமாகத் தெரியும். டைனி கோர் என்பது 20 எம்பி சொச்சம்தான், ஆனால் வைஃபை முதல் எல்லாவற்றையும் நாமே சேர்க்க வேண்டும். கோப்பு மீட்க வந்தவருக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

32 பிட் புராசஸர் உள்ள மிகப் பழைய சிஸ்டங்களுக்கு வழி குறுகிக்கொண்டே வருகிறது. உபுண்டு குடும்பம் அதை எப்போதோ விட்டுவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் இன்ஸ்டாலர் இல்லை, டெபியன் 12 தான் கடைசி. அப்படி ஒரு சிஸ்டம் இருந்தால் டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட 32 பிட் பப்பியின் ஐஎஸ்ஓவை (இறக்கும் கோப்பு) இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்குவதும் எழுதுவதும்

வீட்டில் இணையம் இருக்காது என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். ஊருக்கு வரும் முன்பே இறக்கி, எழுதி, வேறொரு லேப்டாப்பில் பூட் செய்து பார்த்துவிட வேண்டும்.

எந்த லினக்ஸோ அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இறக்கியதும் கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 எண்ணைச் சரிபாருங்கள். தளத்தில் கொடுத்திருக்கும் 64 எழுத்துச் சரமும் உங்கள் கோப்பின் சரமும் ஒன்றாக இருக்க வேண்டும். விண்டோஸில் செவன்-ஜிப் இருந்தால் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்தே பார்க்கலாம். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே புகுந்து, பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பைத் திருப்பிவிட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் அதே தளத்தில் உள்ள சரத்தையும் மாற்றிவிட முடியும் என்பதால், முடிந்தவர்கள், வெளியிட்டவர் யார் என்று உறுதிசெய்யும் ஜிபிஜி டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்ப்பது நல்லது. மோசடியை விட்டுத்தள்ளினாலும், பாதியில் அறுந்த டவுன்லோடு அடிக்கடி நடப்பதுதான். பூட் ஆகி நடுவில் நின்றுபோகும் பென்டிரைவ்களில் கணிசமானவை இப்படி அறுந்த கோப்பிலிருந்து வந்தவை.

ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவில் காப்பி-பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது. ஐஎஸ்ஓ என்பது ஒரு குறுந்தகட்டின் முழுப் பிரதி, பூட் செய்யும் பகுதியும் அதற்குள் மூடியே இருக்கிறது. பயாஸோ அதன் புது வடிவமான யூஇஎஃப்ஐயோ பென்டிரைவின் முதல் செக்டாரையும் அதிலுள்ள ஃபேட் பகுதியையும் பார்க்குமே தவிர, ஒரு கோப்பைத் திறந்து உள்ளே தேடாது. அதனால் எழுதுவதற்கென்று ஒரு கருவி வேண்டும். விண்டோஸில் ரூஃபஸ், எந்த இயங்குதளத்திலும் பலேனா எட்சர். ரூஃபஸ் 'ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா' என்று கேட்டால் முதலில் ஐஎஸ்ஓ முறை, பூட் ஆகாவிட்டால் டிடி. டிடி முறையில் எழுதிய பென்டிரைவை விண்டோஸில் செருகினால் "இந்த டிஸ்கை ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று ஒரு பெட்டி வரும். அதை அழுத்தினால் எழுதியது போயிற்று. ரத்து செய்துவிடுங்கள்.

தொழிலாகச் செய்பவர்களுக்கு வென்டாய் போல வசதி வேறில்லை. ஒருமுறை பென்டிரைவில் நிறுவிவிட்டால், பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே காப்பி செய்து போடலாம், பூட் ஆகும்போது பட்டியலாகக் காட்டும். 32 ஜிபி பென்டிரைவில் மின்ட், ஆண்டிஎக்ஸ், பப்பி, கூடவே ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் எல்லாம் அடங்கிவிடும்.

எழுதும் எல்லாக் கருவிகளிலும் ஆபத்தான இடம் ஒன்றே. எந்த டிரைவில் எழுதுவது என்று தேர்ந்தெடுக்கும் வரி. காப்புப் பிரதி வைத்திருக்கும் வெளி ஹார்டு டிஸ்க் அதே சிஸ்டத்தில் செருகியிருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துவிட ஒரு நொடி போதும். எழுதும் நேரத்தில் மற்ற எல்லா யூஎஸ்பியையும் கழற்றி வையுங்கள்.

திருவிழாக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு '2 டிபி' என்று விற்கும் பென்டிரைவ் வேண்டவே வேண்டாம். உள்ளே சில ஜிபிதான் இருக்கும், சிப்பை ஏமாற்றி 2 டிபி என்று காட்ட வைத்திருப்பார்கள். நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதும். மீட்ட படங்களை அதில் வைத்தால் பெயர் மட்டும் தெரியும், படம் திறக்காது. சந்தேகம் வந்தால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கருவியால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதிக்கலாம். பூட்டுக்கு நல்ல கம்பெனியின் 8 ஜிபியே போதும்.

பூட் மெனுவில்

டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்பியில் எஸ்கேப் அழுத்தி எஃப்9, ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 பல நேரம் வேலை செய்யாது. எஃப்2 வழியாக பயாஸுக்குள் போய் 'எஃப்12 பூட் மெனு' என்பதை முதலில் இயக்க வேண்டும். பென்டிரைவ் பட்டியலிலேயே இல்லையென்றால் துளையை மாற்றுங்கள். பழைய டெஸ்க்டாப்களில் நீல நிற யூஎஸ்பி 3 துளையை பூட் நேரத்தில் பயாஸ் பார்க்காமல் போவதுண்டு, பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் கறுப்புத் துளைதான் நம்பகமானது.

2012-க்குப் பிறகு விண்டோஸ் 8 உடன் வந்த சிஸ்டங்களில், கையொப்பமில்லாத இயங்குதளத்தை எழவிடாத செக்யூர் பூட் இருக்கும். மின்ட், லுபுண்டு, டெபியன் மூன்றும் அதோடே எழும். பப்பி, ஆண்டிஎக்ஸுக்குப் பெரும்பாலும் அதை நிறுத்த வேண்டிவரும். இங்கே ஒரு கணம் நில்லுங்கள். அந்த சிஸ்டத்தில் டிஸ்கைச் சாவி போட்டுப் பூட்டும் பிட்லாக்கர் இயங்கியிருந்தால், செக்யூர் பூட்டை மாற்றியதும் அடுத்தமுறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். புது விண்டோஸ் 11 லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே இந்தப் பூட்டு தானாக விழுந்திருக்கலாம், வீட்டுக்காரருக்கே தெரியாது. அந்தக் கணக்கின் பக்கத்தில் சாவி இருக்கிறதா என்று பார்த்து எழுதி வைத்துக்கொண்ட பிறகே பயாஸைத் தொடுங்கள். சாவி இருந்தால் லினக்ஸிலிருந்தும் அந்த டிஸ்கைத் திறக்கலாம். சாவி இல்லையென்றால் யாராலும் திறக்க முடியாது.

மெனு வந்து, பிறகு திரை கறுத்துப்போனால் கிராஃபிக்ஸ் டிரைவர் ஒத்துவரவில்லை. மெனுவில் 'ஈ' (e) விசையை அழுத்தி, 'லினக்ஸ்' (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' (nomodeset) என்ற ஒரே சொல்லைச் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். லினக்ஸில் எல்லாத் தளமும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். அதே சிஆர்2032-இன் வேலைதான், தேதியைச் சரிசெய்தால் தீரும். வைஃபை கிடைக்காவிட்டால் ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போடுங்கள், டிரைவர் எதுவும் கேட்காது.

கோப்புகளை எடுப்பது

ஹார்டு டிஸ்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் உள்ளே சேதத்தைக் கூட்டும். சத்தம் இல்லையென்றால் 'டிஸ்க்ஸ்' செயலியில் டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்து, 'ரீஅலொகேட்டட் செக்டார்' (கெட்டு மாற்றப்பட்ட பகுதி), 'பெண்டிங் செக்டார்' (படிக்கத் திணறும் பகுதி) இரண்டும் எத்தனை என்று பாருங்கள். இரண்டும் சுழியம் என்றால் நிம்மதியாக நகலெடுக்கலாம். பெண்டிங் ஏறிக்கொண்டே போனால் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ மூலம் முழு டிஸ்கையும் ஒரு பிம்பமாக எடுத்துவிட்டு, கோப்புகளை அந்தப் பிம்பத்திலிருந்து எடுப்பதுதான் முறை.

விண்டோஸ் டிரைவ் 'படிக்க மட்டும்' என்று திறந்தால் கவலைப்படாதீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கிறது. நகலெடுக்க அந்த நிலையே பாதுகாப்பு. எழுதும்படி திறக்க வலிந்து முயலாதீர்கள்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் எடுத்துவிட்டு முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். அரிசி மில்லிலும் வட்டிக் கடையிலும் உயிர்நாடி, கணக்கு மென்பொருளான டாலியின் தரவு. டாலி ஈஆர்பி 9 அதைப் பெரும்பாலும் தான் நிறுவப்பட்ட அடைவுக்குள்ளேயே 'டேட்டா' என்ற பெயரில் வைத்திருக்கும். டாலி பிரைமில் பெரும்பாலும் 'யூசர்ஸ்', 'பப்ளிக்' என்று போய்த் தேட வேண்டும். அவுட்லுக் மின்னஞ்சலும் தனிக் கோப்பில் இருக்கும்.

இன்னொன்று, தமிழில் வேலை பார்த்த சிஸ்டங்களுக்கே உரியது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் யூனிகோடுக்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், கோப்பு கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். விண்டோஸ் அடைவுக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' அடைவையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். சில நூறு எம்பிதான். லைவ் லினக்ஸில் யூனிகோடு தமிழே கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அங்கே தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம், நோட்டோ தமிழ் அல்லது லோஹித் தமிழ் நிறுவினால் சரியாகிவிடும்.

நகலெடுத்த வெளி டிஸ்கை அப்படியே பிடுங்காமல் 'அன்மவுன்ட்' கொடுத்துக் கழற்றுங்கள். லினக்ஸ் எழுத வேண்டியதை ராமில் தேக்கி வைத்து எழுதும். பட்டை 100 சதவீதம் காட்டினாலும் கடைசிச் சில நூறு எம்பி இன்னும் போய்ச் சேராமல் இருக்கலாம். பிறகு வேறொரு சிஸ்டத்தில் நாலைந்து படங்களையும் ஒரு வீடியோவையும் திறந்து பாருங்கள்.

லைவ் திரையில் 'இன்ஸ்டால்' என்று ஒரு சின்னம் இருக்கும். மீட்பு முடியும்வரை அதன் பக்கம் போகக் கூடாது. 'முழு டிஸ்கையும் அழித்து நிறுவு' என்பது அதற்குள் ஒரு வாய்ப்பு. இதே பென்டிரைவிலேயே தினமும் வேலை பார்க்க நினைப்பவர்கள், மின்ட்டையோ லுபுண்டுவையோ எழுதும்போது ரூஃபஸில் 'பெர்சிஸ்டன்ட்' அளவை 4 ஜிபி அளவுக்கு வைத்துக்கொண்டால் செய்த மாற்றங்கள் நிற்கும். மலிவான பென்டிரைவ் தொடர்ந்து எழுதுவதைத் தாங்காது, முக்கியமான கோப்பை அதில் மட்டும் வைக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. 11-க்கு மாற முடியாத சிஸ்டத்தை எடைக்குப் போடும் முன் ஒரு வாரம் மின்ட்டிலோ ஆண்டிஎக்ஸிலோ இப்படி ஓட்டிப் பாருங்கள், பிரிண்டரும் ஸ்கேனரும் ஒத்துவருகின்றனவா என்பது அதிலேயே தெரிந்துவிடும். டாலியை நம்பி இருப்பவர்கள் மட்டும் அவசரப்பட வேண்டாம், அது லினக்ஸில் நேரடியாக ஓடாது.