‘ஃபியா’: எவே மக்களின் தலைவரைத் தமிழில் என்னவென்று எழுதுவது?

ஃபியா: எவே மொழிச் சொல். ஓர் ஊரையோ நாட்டையோ ஒரு கூட்டத்தையோ தலைமை தாங்கி நடத்தும் உரிமை பெற்றவர்.

எவே மக்கள் கானாவின் தென்கிழக்கிலும் டோகோவின் தென்பகுதியிலும் பெரும்பாலும் வாழ்கிறார்கள். பெனினிலும் கொஞ்சம் பேர் உண்டு. அவர்களுடைய ஃபியாவை ஆங்கிலச் செய்திகள் ‘சீஃப்’ என்கின்றன. அது தமிழுக்கு வரும்போது ‘பழங்குடித் தலைவர்’ ஆகிவிடுகிறது. கொஞ்சம் தாராள மனசுக்காரர் எழுதினால் ‘மன்னர்’. என் பார்வையில் இரண்டுமே பொருந்தவில்லை. முதலாவதில் ஏளனம் ஒட்டியிருக்கிறது. இரண்டாவதில் என்ன பிழை என்பது அந்தச் சொல் புழங்கும் விதத்தைப் பார்த்தால் தெரியும்.

ஃபியா பெரும்பாலும் இன்னொரு சொல்லோடு சேர்ந்தே வரும். ‘து’ என்றால் ஊர். ஊரின் தலைவர் துஃபியா. ‘அவா’ என்றால் போர். படையை நடத்துபவர் அவாஃபியா. இளைஞர்களுக்குத் தலைவர் சோஹேஃபியா, பெண்களுக்குத் தலைவி நியோனுஃபியா. ‘கா’ என்ற பெரியதைக் குறிக்கும் ஒட்டு பின்னால் வந்தால் ஃபியாகா. பல ஊர்கள் சேர்ந்த நாட்டுக்கு மேலான தலைவர். ஆக, ஃபியா என்பது தலைமையை மட்டும் சொல்கிறது. யாருக்கு, எதற்கு என்பதைக் கூட வரும் சொல் சொல்கிறது. தமிழில் ‘தலைவர்’ அப்படியே இதைத்தான் செய்கிறது. ஊர்த்தலைவர், படைத்தலைவர், இளைஞர் தலைவர் எல்லாம் இயல்பாக நிற்கின்றன. ‘இளைஞர் மன்னர்’ என்று எழுதிப் பாருங்கள், சினிமாப் பட்டம் மாதிரி இருக்கும்.

வேர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. எழுத்தில் இதே போல் இருக்கும் இன்னொரு ஃபியா எவேயில் உண்டு. காட்டு, கற்பி என்று பொருள். ஆசிரியருக்கு நுஃபியாலா என்று பெயர், அதாவது ‘விஷயத்தைக் காட்டுபவர்’. உடனே ‘வழிகாட்டுபவனே தலைவன்’ என்று வேர் கண்டுபிடிக்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். எவே தொனி மொழி, குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லே வேறாகிவிடும். எழுத்து ஒத்துப்போனதை வைத்து உறவு கொண்டாட முடியாது.

இதைவிடச் சுவையானது ‘ஆளுதல்’ என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் வினை: ‘டு ஃபியா’. இந்த ‘டு’வுக்கு உண்பது என்று பொருள். தலைமையை உண்பதுதான் ஆட்சி. ஊரைக் குறிக்கும் ‘து’வும் உண்பதைக் குறிக்கும் ‘டு’வும் வேறு வேறு ஒலிகள், ஆங்கிலக்காரர் இரண்டையும் ஒன்றாகவே கேட்பார், தமிழ்க் காதுக்கு இதில் சிரமமே இல்லை. ஆட்சி நடக்கும் இடம், அதாவது அரசு, ஃபியாடுஃபே. எவே கிறித்தவர்கள் ‘உம்முடைய ராஜ்யம் வருவதாக’ என்று ஜெபிக்கும் இடத்தில் இந்தச் சொல்தான் வருகிறது.

சரி, மன்னர் என்று சொல்லத் தகுந்தவர் ஒருவர்கூட இல்லையா? இருக்கிறார், பழைய கதையில். இன்றைய டோகோவில் உள்ள நோட்சே நகரில் எவே மக்கள் ஒருகாலத்தில் ஒரு பெரிய மதிலுக்குள் வாழ்ந்ததாக வாய்மொழி வரலாறு சொல்கிறது. அங்கே ஆண்டவர் அகோகோலி. களிமண்ணால் கயிறு திரித்துக் கொண்டுவரச் சொன்னாராம். பெரியவர்கள், “பழைய கயிறு ஒன்றைக் காட்டுங்கள், அதைப் பார்த்துத் திரிக்கிறோம்” என்று மடக்கினார்களாம். அப்புறம் பெண்கள் பாத்திரம் கழுவிய நீரையெல்லாம் மதிலின் ஒரே இடத்தில் ஊற்றி ஊற்றி ஊறவைக்க, அந்த இடத்தை உடைத்துக்கொண்டு எல்லாரும் இரவில் வெளியேறினார்கள். காலடித் தடம் ஊருக்குள் போவது போலத் தெரியட்டும் என்று பின்பக்கமாக நடந்தார்கள். கானாவின் கடலோரத்தில் வாழும் அன்லோ எவேக்கள் இந்த வெளியேற்றத்தை 1962 முதல் ஒவ்வொரு நவம்பரிலும் ஹோக்பெட்சோட்சோ விழாவாகக் கொண்டாடுகிறார்கள். அகோகோலிக்கு ‘கொடுங்கோல் மன்னன்’ என்ற தமிழ் அச்சாகப் பொருந்தும். அவரிடமிருந்து தப்பியோடியதைத் திருவிழாவாக வைத்திருக்கும் மக்கள், பிறகு தங்களுக்கு ஏற்படுத்திக்கொண்ட தலைமைக்கும் அதே சொல்லைப் போடுவது சரியாக இருக்குமா?

அன்லோ நாட்டின் தலைவருக்கு அவோமெஃபியா என்று தனிப்பெயர். அவோமே என்பது வெளியார் நுழையாத உள்ளிடம். சமயப் பொறுப்பும் அவரிடமே இருந்ததால் பொதுமக்கள் கண்ணில் படாமல் ஒதுங்கி வாழ்வது மரபு. இந்தப் பதவி தந்தைவழியில் அட்சோவியா, பாட்டே என்ற இரண்டு குலங்களுக்கு உரியது. மாறி மாறி வர வேண்டும். இரண்டாம் ஸ்ரீ, 1907 முதல் 1956 வரை, அட்சோவியா. அடுத்து வந்த இரண்டாம் அடெலாட்சா, பாட்டே. அவர் 1997இல் மறைந்தபின் அட்சோவியாவின் முறை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குலத்தில் யார் என்பதில் வழக்கும் மோதலுமாக இழுத்து, 2011இல்தான் மூன்றாம் ஸ்ரீ பதவியேற்றார். பிறந்ததாலேயே பட்டம் கிடைத்துவிடாது. குலம் தேர்ந்து முன்னிறுத்த வேண்டும், மற்றவர்கள் ஏற்க வேண்டும். கானாவின் 1992 அரசமைப்புச் சட்டமும் தலைவர் என்பதற்கு இப்படித்தான் வரையறை தருகிறது: உரிய வழியில் பிறந்திருக்க வேண்டும், வழக்கப்படி தேர்ந்தெடுத்து அமர்த்தப்பட்டிருக்கவும் வேண்டும். கூடவே, கட்சி அரசியலில் இறங்கக் கூடாது.

அமர்த்துவது எதில்? சிக்புய் என்ற செதுக்கிய மர இருக்கையில். கானாவின் அக்கான் மக்களிடமும் இதே வழக்கம் இருக்கிறது. உள்நாட்டு எவேக்களின் சடங்குகளில் அவர்களுடைய சாயல் நன்றாகத் தெரியும். ‘அரியணை’ என்றால் சிங்கம் வந்துவிடும், ‘முக்காலி’ என்றால் சமையலறை வந்துவிடும். நான் ‘மணை’ என்பேன். மரத்தால் ஆனது, தாழ்வானது, சடங்கோடு உட்கார வைப்பது. பதவியில் அமர்த்துவதை மணையேற்றுதல் என்றும், தவறு செய்தவரை நீக்குவதை மணையிறக்குதல் என்றும் சொல்லலாம். ஆம், இறக்கவும் வழி இருக்கிறது.

தலைவரிடம் யாரும் நேராகப் பேசுவதில்லை. பக்கத்தில் தலைப்பில் சிற்பம் செதுக்கிய கோலோடு ட்சியாமி இருப்பார். பேச்சு அவர் வழியாகப் போய் அவர் வழியாகவே திரும்பும். கானா ஆங்கிலத்தில் இவருக்கு வைத்திருக்கும் ‘லிங்குயிஸ்ட்’ என்ற பெயரை அகராதி பார்த்து மாற்றினால் ‘மொழியியலாளர்’ என்று வந்து நிற்கும். பாவம் அவர், இலக்கணம் படித்தவர் அல்லர். சோழர் கல்வெட்டுகளில் அரசன் வாய்மொழியைக் கேட்டு நிறைவேற்ற அனுப்பும் ‘திருவாய்க்கேள்வி’ என்ற அதிகாரி வருகிறார். கிட்டத்தட்ட அந்த வேலை. ஆனால் ட்சியாமி இரு பக்கமும் பேசுகிறார். ‘வாய்மொழியாளர்’ என்றால் போதும்.

நியோனுஃபியாவை ‘ராஜமாதா’ என்று எழுதுவதும் இதே வகைப் பிழை. அவர் தலைவரின் தாயும் அல்லர், மனைவியும் அல்லர். மகளிர் தலைவி.

இன்னொன்று, ஙொர்யிஃபியா: வளர்ச்சிப் பணிக்காக ஏற்படுத்திய பட்டம். ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் கார் பட்டறை நடத்திய செஃபாஸ் பான்சாவை ஜெர்மன் ஊடகங்கள் ‘அரசர்’ என்றே எழுதின. கானாவின் ஹோஹோவே நகரப் பக்கத்தில் வாழும் க்பி என்ற எவே பிரிவினரிடம் அவருடைய பட்டம் ஙொர்யிஃபியா. ‘மெக்கானிக் மன்னர்’ என்று தலைப்பு வைத்தால் நிறையப் பேர் படிப்பார்கள்தான். ‘வளர்ச்சித் தலைவர்’ என்பதே சரி.

பெயருக்கு முன்னால் வரும் ‘தோக்புய்’ அல்லது ‘தோக்பே’ பதவிப் பெயர் இல்லை. தாத்தா என்று பொருள். முப்பது வயதில் மணையேறினாலும் எழுபது வயதுக்காரர் அவரைத் தோக்புய் என்றுதான் அழைக்க வேண்டும். மகளிர் தலைவிக்கு ‘மாமா’, அதாவது பாட்டி. இதை அப்படியே தமிழில் எழுதினால் என்ன குழப்பம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை, ‘பாட்டி’ என்று மாற்றியே ஆக வேண்டும். ஆண்களுக்கான தோக்பேயை விட்டுவைக்கலாம். 2016இல் கானாவின் மரபுவழித் தலைவர்களுக்கான தேசிய அவைக்குத் தலைமையேற்றவர், அசோக்லி என்ற எவே நாட்டைச் சேர்ந்தவர். அவரை ‘அசோக்லியின் பெருந்தலைவர் தோக்பே பதினான்காம் அஃபெடே’ என்று எழுதினால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். அவருடைய பட்டப்பெயர் அக்போக்போமெஃபியா. அக்போக்போ என்பது நோட்சேயின் அந்த மதில்.