டெம்ப்ளேட் அழகாக இருக்கிறது, ரெஸ்யூமே படிக்க வரவில்லை

இந்த வாரமும் எங்களுக்கு அப்படி ஒரு ரெஸ்யூமே வந்தது. கணக்குப் பிரிவில் நல்ல அனுபவமுள்ள பெண். டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் அத்துபடி. நாங்கள் கேட்ட தகுதி அப்படியே அவரிடம் இருந்தும், வந்த ரெஸ்யூமேக்களைப் படித்து மென்பொருள் சலித்துக் கொடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. அசல் கோப்பைத் திறந்து பார்த்ததால்தான் கண்ணில் பட்டார். அனுபவம் என்ற கட்டத்தில் மென்பொருள் எடுத்து வைத்திருந்தது இதுதான்: "டேலி சீனியர் அக்கவுண்டன்ட் ஜிஎஸ்டி 2019 முதல் தமிழ் 2022 வரை ஆங்கிலம்". பெயர்க் கட்டம் காலி, ஏனென்றால் டெம்ப்ளேட்டில் பெயர் படமாக இருந்தது.

"பிடிஎஃப்தானே சார், எதில் திறந்தாலும் ஒரே மாதிரி தெரியுமே?" எல்லோரும் இதையே கேட்கிறார்கள். தெரியும், உங்கள் கண்ணுக்கு. பிடிஎஃப்புக்குள் இருப்பது, எந்த எழுத்து பக்கத்தில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற கணக்கு. எது தலைப்பு, எதற்கு அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்பதையும் சொல்லும் வசதி அதில் உண்டு. பல டெம்ப்ளேட்டுகள் அதைச் செய்வதில்லை. பக்கத்தை இடம் வலமாகப் பிரித்துப் போட்டால், சில மென்பொருள்கள் குறுக்காக ஒரே வரியாகப் படித்துக்கொண்டு போகும். மேலே பார்த்தீர்களே, அப்படி. உங்கள் கண் கோட்டைப் பார்த்துப் பிரித்துக்கொள்கிறது. மென்பொருளுக்கு அந்தக் கோடு வெறும் கோடு.

வேர்ட் என்றால் பிரச்சினை வேறு. போன் நம்பரையும் மின்னஞ்சலையும் பக்கத்தின் தலைப்பகுதியான ஹெடரில் போடுகிறீர்கள். வேர்ட் கோப்புக்குள் ஹெடர் தனிக் கோப்பாக இருக்கும். அதைத் தொடாமலே போகும் மென்பொருள்கள் உண்டு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் ரெஸ்யூமேயும் இப்படித்தான், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். யூனிகோடில் அடியுங்கள்.

நிரல் பழக்கம் உள்ளவர்களுக்கு ஜேசன் ரெஸ்யூமே போன்ற திறந்த மூல வழிகள் இருக்கின்றன. விவரங்களை ஒரே கோப்பில் எழுதிவிட்டு, தீம் எனப்படும் தோற்ற அமைப்பை மட்டும் மாற்றி வெவ்வேறு வடிவங்களில் எடுக்கலாம். எனக்கு இது பிடிக்கும். ஒருவரே அனுப்பிய வேர்டிலும் பிடிஎஃப்பிலும் வேலையை விட்ட தேதி வேறு வேறாக இருந்தால், நாங்கள் பொய் என்றுதான் நினைப்போம். ஆனால் எல்லாத் தீமும் எல்லாப் பகுதியையும் அச்சிடாது. சான்றிதழுக்கு இடம் வைக்காத தீம் என்றால், ஒரு எச்சரிக்கையும் தராமல் அதை விட்டுவிடும். தீம் மாற்றிய ஒவ்வொரு முறையும் பகுதி பகுதியாகச் சரிபாருங்கள்.

எந்த வழியில் செய்தாலும் சரி, அனுப்பும் முன் கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசையாகப் படிக்க வந்தால் அனுப்புங்கள். வராவிட்டால் டெம்ப்ளேட்டைத் தூக்கிப் போடுங்கள், எவ்வளவு காசு கொடுத்து வாங்கியிருந்தாலும். திறமைக்கு நட்சத்திரம், பட்டை எதுவும் வேண்டாம். எக்செல்லில் நாலு நட்சத்திரம் என்றால் எங்களுக்கு ஒன்றும் புரியாது, என்ன செய்யத் தெரியும் என்று எழுதுங்கள். ஆதார் எண்ணைத் தயவுசெய்து போடாதீர்கள், அந்தக் கோப்பு எத்தனை பேர் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயரையும் பாருங்கள், பிரௌசிங் சென்டர் பெயரோடு நிறைய வருகின்றன.

அப்புறம், வேர்ட் கேட்டால் வேர்ட் அனுப்புங்கள். பிடிஎஃப்பை ஏதோ ஒரு தளத்தில் ஏற்றி மாற்றி அனுப்ப வேண்டாம், மூலக் கோப்பிலிருந்தே எடுங்கள்.