40 நாட்டுக்கோழிக் குஞ்சு, பாதி மானியம்: காசை எடுக்கும் முன் ஒரு நிமிடம்

கிராமத்துப் பெண்கள் வீட்டுப் புறக்கடையில் கோழி வளர்க்க, தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறையில் ஒரு திட்டம் இருக்கிறது. நான்கு வார வயதுள்ள 40 நாட்டினக் கோழிக்குஞ்சு, விலை 3,200 ரூபாய், அதில் பாதி மானியம். ஒன்றியத்துக்கு 100 பெண்கள். திட்டம் இவ்வளவுதான். வில்லங்கமெல்லாம் வாங்கும் வழியில்.

1,600 ரூபாயைக் கொண்டுபோனால் குஞ்சைக் கூடையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். கிடையாது. முழு 3,200 ரூபாயையும் முதலில் நீங்கள்தான் போட வேண்டும். குஞ்சு வாங்கி ரசீதைக் கொடுத்த பிறகுதான் 1,600 திரும்பி வரும். கையில் காசில்லாதவர்களுக்கு என்று ஒரு திட்டம் போட்டு, காசை முதலில் நீயே போடு என்பதை யார் யோசித்தார்களோ!

எங்கள் தெரு அக்கா ஒருவர் விண்ணப்பம் கொடுத்த கையோடு, வண்டியில் வந்த வியாபாரியிடம் குஞ்சு வாங்கிவிட்டார். துண்டுச்சீட்டுகூட இல்லை. அப்புறம் பட்டியலில் பெயர் வந்தது, மானியம் மட்டும் வரவில்லை. அதனால் தேர்வான தகவல் வரும்வரை குஞ்சு வாங்காதீர்கள். எந்தப் பண்ணை ரசீது செல்லும் என்று கால்நடை டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ரசீதில் ஆதாரில் உள்ளபடி பெயர், குஞ்சின் எண்ணிக்கை, தேதி மூன்றும் இருக்கட்டும். கொடுப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்குக் கிடைக்கும்? அந்தக் கிராமத்திலேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் ஏழைப் பெண்களுக்கு. கணவரை இழந்தவர்கள், ஆதரவற்றவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை. 30 சதவீதம் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு. முன்பு விலையில்லா மாடு, ஆடு வாங்கியவர்களுக்கும் கோழித் திட்டத்தில் பயன்பெற்றவர்களுக்கும் கிடையாது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். என்றைக்கோ மாமியார் பெயரில் வந்த ஆட்டைச் சொல்லி மருமகளைத் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. அப்படிச் சொன்னால், அது எந்த விதியில் இருக்கிறது, எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். பாதி நேரம் பதில் மாறிவிடும்.

விண்ணப்பம் கொடுக்கும் இடம் பக்கத்துக் கால்நடை மருந்தகம். ஊராட்சி அலுவலகத்துக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் அலைய வேண்டாம். மருந்தகத்தில் ‘டாக்டர் கேம்ப் போயிருக்கார்’, ‘கோட்டா முடிஞ்சிருச்சு’ என்ற பதில் வரலாம். வாயால் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கடைசித் தேதி கலெக்டரின் செய்திக் குறிப்பில் வரும். அது கிராமத்துக்கு வந்து சேர்வதற்குள் தேதியே முடிந்துவிடுவதுண்டு, அதனால் மருந்தகத்தில் அடிக்கடி விசாரியுங்கள்.

யாராவது சிட்டா, அடங்கல், கொட்டகைக்கு இடம் என்று கேட்டால் அவர்கள் வேறு திட்டத்தைப் பேசுகிறார்கள் என்று அர்த்தம். அது 250 கோழி வளர்க்கும் பண்ணைத் திட்டம். 625 சதுர அடி இடம் வேண்டும், மூன்று ஆண்டு பண்ணையை நடத்துவதாக உறுதிமொழியும் தர வேண்டும். இரண்டையும் குழப்பி, 40 குஞ்சுக்குப் போனவரிடம் நிலப் பத்திரம் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

குஞ்சு வந்த பிறகு முதல் வேலை தடுப்பூசி. வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் நாற்பதும் ஒரே வாரத்தில் போய்விடும், மானியத்தோடு போட்ட காசும் போச்சு. கால்நடை மருந்தகங்களில் சனிக்கிழமைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். குஞ்சுக்கு எட்டு வார வயதாகும்போது போட வேண்டியதை மறக்காதீர்கள்.

நாற்பதும் முட்டையிடும் என்று கணக்குப் போடாதீர்கள், ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். பெட்டைகள் முட்டையிட ஐந்தாறு மாதம் ஆகும். அதிலும் நாட்டுக்கோழி கொஞ்ச நாள் இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். வந்த முட்டையை அன்றைக்கே அவித்தால் ஓடு உரியாமல் வெள்ளைக்கருவையும் பிய்த்துக்கொண்டு வரும். அவிக்க வேண்டுமென்றால் ஒரு வாரம் வைத்திருங்கள். இல்லையென்றால் கொதிக்கிற குழம்பில் உடைத்து ஊற்றி, கிளறாமல் மூடி வையுங்கள்.