இரட்டைப் பதிவு, ஒன்றாக்கல்

பல நூலகங்களின் கூட்டுப் பட்டியலில் ஒரே பதிப்புக்கு இரண்டு நூற்பதிவுகள் கிடந்தால் நூலகர்கள் அதை ‘டூப்ளிகேட் ரெக்கோட்’ என்பார்கள். அவற்றை ஒன்றாக்குவது ‘மேர்ஜ்’. முதற்சொல்லுக்கு லத்தீனில் ‘இரண்டாக மடித்தது’ என்று பொருள். இரண்டாவதன் வேர் ‘நீரில் அமிழ்த்து’. பட்டியலிலும் அதுவே நடக்கிறது: ஒரு பதிவு நிற்கும், மற்றது அதற்குள் அமிழ்ந்துவிடும். ஆகவே ‘இணைத்தல்’ இங்கே பொருந்தாது. மூலநூலையும் மொழிபெயர்ப்பையும் இணைக்கலாம், இணைத்த பின்னும் அவை இரண்டுதான். இரட்டைப் பதிவை ஒன்றாக்கத்தான் வேண்டும்.

இரட்டைப் பதிவை ‘நகல்’, ‘பிரதி’ என்பதும் வேண்டாம். அவை புத்தகத்தின் படிகளையே குறிக்கும். ஒரு நூலுக்கு நான்கு படிகள் இருந்தால் ஒரே பதிவின் கீழ் நான்கு பார்கோட் வரும். அதில் பிழை எதுவும் இல்லை.

கொழும்பில் எழுத்தே பெரிய சிக்கல். ஒரு நூலகம் தமிழ்த் தலைப்பைத் தமிழிலேயே பதியும், இன்னொன்று ரோமன் எழுத்தில் பதியும். இரண்டும் தமிழில் பதிந்தாலும் தொல்லை தீராது. வெளியீட்டு இடமாக வரும் ‘கொழும்பு’ என்ற சொல்லையே பாருங்கள். அதிலுள்ள ‘ொ’ ஒரே யூனிகோட் குறியாகவும் இருக்கலாம், ‘ெ’, ‘ா’ என இரு குறிகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, எழுத்தைச் சீராக்காத மென்பொருளுக்கு வேறு வேறு. ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் தட்டி ‘ஒளவை’ என எழுதியிருந்தாலோ யூனிகோட் சீராக்கமும் அதைத் தொடாது. யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவிலிருந்து மாற்றிய பழைய பதிவுகளில் இதை முதலில் தேடுங்கள்.

நூலின் சர்வதேச எண்ணான ஐ.எஸ்.பி.என். ஒத்தால் போதும் என்று நம்பிவிடக் கூடாது. 2007க்கு முந்திய 10 இலக்க எண்ணின் முன் 978 சேர்த்து, கடைசிச் சோதனை இலக்கத்தைத் திரும்பக் கணித்தால் 13 இலக்க எண் வரும். எண்கள் வேறானாலும் நூல் ஒன்றே. மறுபுறம், திருத்திய பதிப்புக்கும் பழைய எண்ணையே அச்சிடும் பதிப்பகங்கள் உண்டு. எனவே நூற்பதிவுகளைக் கணினியில் எழுதும் வடிவமான மார்க் 21இல் 245 (தலைப்பு), 250 (பதிப்பு), 264 அல்லது 260 (வெளியீடு), 300 (பக்கங்கள்) ஆகிய புலங்களை ஒப்பிடுங்கள். பக்க எண்ணிக்கை இடித்தால் நூலைக் கையில் எடுத்துப் பார்ப்பதே வழி. ‘இரண்டாம் பதிப்பு’ என்று போட்டிருப்பது பலவேளை வெறும் மறு அச்சுதான்.

கோஹா என்ற நூலக மென்பொருளில் இரண்டு பதிவுகளையும் தெரிவுசெய்து ஒன்றாக்கத் தொடங்கினால், எது நிற்கவேண்டும் என்று கேட்கும். முந்திப் பதிந்தது எது என்று பாராமல், நிறைவானதைத் தெரியுங்கள். மற்றதில் மட்டும் உள்ள பொருட்தலைப்பு (650), தமிழ் எழுத்து வடிவம் (880) ஆகியவற்றை டிக் செய்யாவிட்டால் அவை போய்விடும். 880ஐ எடுத்தால் அதன் ஜோடிப் புலத்தோடு சேர்க்கும் 6ஆம் துணைப்புலத்தையும் (புலத்தின் உட்பகுதி) சரிபாருங்கள். நூலின் படிகள், நிற்கும் பதிவுக்குத் தாமாகவே மாறும். ஒன்றாக்கியதைப் பிரிக்க ஒரு பொத்தான் கிடையாது, ஆகவே இரு பதிவுகளையும் முன்கூட்டியே ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும்.

அமிழ்ந்த பதிவின் அடையாளமான கட்டுப்பாட்டு எண்ணை, நிற்கும் பதிவின் 035ஆம் புலத்தில் ‘இசட்’ துணைப்புலத்தில் எழுதுங்கள். ஏற்றும் பதிவு ஏற்கெனவே உள்ளதா என்று பார்க்கும் பொருத்த விதியில் அதையும் சேர்த்திருந்தால், வேறொரு நூலகம் பழைய எண்ணோடு பதிவை ஏற்றும்போது அதே இரட்டை மறுபடி முளைக்காது.